ஃபாவுக்கும் சோவுக்கும் நடுவில்

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன் ஆராதனையில் குருவானவர் ஒரு வேலை கொடுத்துவிட்டார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்துக் காலம் முடியும்வரை தினமும் தன்னைத்தானே சோதித்துக் கொஞ்சம் எழுத வேண்டுமாம். எங்கள் பெயிண்ட் கடைக்குக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு டப்பா படம். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பாவத்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் அடுத்தவர்கள் செய்த பாவம்தான் வரிசையாக ஞாபகம் வருகிறது. அதனால் ஆராதனை முடிந்து நடந்ததை எழுதுகிறேன். புது கொயர் மாஸ்டர் ரூபன் எங்களைப் போகவிடாமல் நிறுத்தி, "சனிக்கிழம எல்லாரும் தனித்தனியா பாடணும். அவங்கவங்க பார்ட்ட மட்டும்" என்றான்.

தனித்தனியாகவா? நான் ஆல்டோ பாட ஆரம்பித்து இருபது வருஷம் ஆகப்போகிறது. சோப்ரானோக்காரிகள் மேலே பாடிப் பேர் வாங்குவார்கள். அவர்களுக்குக் கீழே முட்டுக்கொடுக்கிற குரல் ஆல்டோ. பழைய மாஸ்டர் ஒருநாளும் எங்களைத் தனியாகப் பாடச் சொன்னதில்லை. ஆர்கனை ஓங்கி வாசிப்பார், அதற்குள் எல்லாம் அடங்கிவிடும்.

என் இடது பக்கம் லீதியாள் நிற்பாள். நின்றாள் என்று எழுத வேண்டும். போன ஆகஸ்டில் கோயில் நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டிக்குத் தேர்தல் வந்தது. என் வீட்டுக்காரர் இவரும் லீதியாள் வீட்டுக்காரர் துரைப்பழம் அண்ணாச்சியும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். இவர் ஜெயித்தார். ஜெயித்த கூட்டம் லீதியாள் வீட்டு வாசலில் போய் வெடி போட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு மார்க்கெட் பக்கம் உள்ள சின்னக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். எனக்கு ஒன்றும் இல்லை. நிற்க இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

பிப்ரவரி 21, சனி

பாடினேன். மானம் போயிற்று.

ரூபன் கீபோர்டில் டோ கொடுத்தான். மூச்சு எடுக்க இடது பக்கம் திரும்பினேன். சுவர்தான் இருந்தது. சரி என்று ஆரம்பித்தேன். பெரிய வெள்ளிக்கிழமை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஒவ்வொருவராகப் பிரசங்கம் பண்ணுவார்கள். அதில் நாலாம் வார்த்தைக்குப் பிறகு நாங்கள் பாடும் பாட்டு அது. எங்கள் கோயிலில் எந்தக் காலத்திலோ ஒருவர் எழுதி மெட்டுப் போட்டது. வருஷத்துக்கு ஒருமுறைதான் பாடுவோம். பல்லவி 'கைவிடாதிரும்' என்று முடியும்.

"ஆன்ட்டி, அந்த 'டா' மட்டும் இன்னொரு தடவ பாடுங்க."

பாடினேன்.

"நீங்க பாடுறது ஃபா. அங்க ஃபா கெடையாது, ஃபீ." ஒரு கறுப்புக் கட்டையை அழுத்தினான்.

"தம்பி, அந்தக் கட்ட சரியில்லன்னு நெனைக்கேன். கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

சோப்ரானோ வரிசையில் ஒருத்தி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். ரூபன் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. பொறுமையாக விளக்கினான். டோ, ரே, மி, ஃபா, சோ, லா, தி என்று நமக்குத் தெரிந்த ஏழுக்கும் இடையிடையே அரைப்படிகள் இருக்கின்றன. மொத்தம் பன்னிரண்டு. ஃபாவுக்கும் சோவுக்கும் நடுவில் இருப்பது ஃபீ. நாங்கள் சோவிலிருந்து அரைப்படி இறங்கி அதன்மேல் நிற்க வேண்டும். ஒரு முழுப்படி இறங்கி ஃபாவில் போய் உட்கார்ந்திருக்கிறோம். எத்தனை வருஷமாக? சேர்ந்த நாளிலிருந்து!

எங்களோடு பாடும் ஷைனிக்குக் கல்லூரிப் பரீட்சை, ஈஸ்டர் கழித்துத்தான் வருவாள். ஆல்டோ என்றால் இப்போது நான் ஒருத்திதான்.

"அந்த ஒரு சுரத்துலதான் ஆன்ட்டி பாட்டே இருக்கு. குருத்தோலை ஞாயிறுக்கு முந்துன சனிக்கிழம பாப்போம். வரலன்னா அந்த வரிய நான் கீபோர்டுல வாசிச்சிக்கிடுதேன். நீங்க அன்னைக்கு மட்டும் கீழ உக்காந்துக்கிடலாம்."

அன்றைக்கு மட்டும்! கொயர் பெஞ்சிலிருந்து கீழே இறங்கியவர்கள் யாரும் திரும்ப மேலே ஏறி நான் பார்த்ததில்லை. எனக்கு இந்த ஊரில் என் பெயரில் இருக்கிற ஒரே இடம் அந்த பெஞ்சுதான். மற்ற எல்லா இடத்திலும் நான் அருமைநாயகம் சம்சாரம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

எல்லாப் பாட்டுக்கும் வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன். குருவானவர் கேட்ட பாவக்கணக்கில் இதை வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பாட்டுக் காப்பியை எடுத்துப் பார்த்தேன். தெளிவாக ஃபீ என்றுதான் போட்டிருக்கிறது. யார் பார்த்தோம்?

இதற்கெல்லாம் காரணம் லீதியாள். நானும் அவளும் ஒரே வாரத்தில் கொயரில் சேர்ந்தோம். டோ, ரே, மி என்று எழுதியிருப்பதைப் படிக்கிற சோல்ஃபா எனக்கு அரைகுறை. அவள் தொண்டையைத் திறந்தால் ஜன்னல் அதிரும். அவ்வளவு தைரியமாகப் பாடுகிறவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நானும் பின்னாலேயே போய்விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அவளை நம்பினேன். இப்போது அங்கே ஹாயாக உட்கார்ந்திருக்கிறாள், இங்கே சபைக்கு முன்னால் தலைகுனிவு எனக்கு. பேச்சுவார்த்தை இல்லாததால் தப்பித்தாள். இருந்திருந்தால் நேரே போய்க் கேட்டிருப்பேன்.

மாலையில் கறிவேப்பிலை வாங்கப் போனேன். லீதியாள் வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. யாரோ விருந்தாட்கள் போல.

பிப்ரவரி 28, சனி

பிராக்டிஸ் முடிந்ததும் ரூபன் எனக்குத் தனியாகக் கால் மணி நேரம் ஒதுக்கினான். முதலில் "தி, டோ" பாடச் சொன்னான். பாடினேன். தி வந்தாலே டோவுக்குப் போயே ஆகவேண்டும் என்று தொண்டை பரபரக்கும். அது எல்லோருக்கும் வரும்.

"அதே பரபரப்புதான் ஆன்ட்டி. ஃபீக்கும் சோவுக்கும் அதே தூரம்தான். மொதல்ல தி, டோ பாடுங்க. அப்புறம் அதையே சோ இருக்க எடத்துல வச்சி ஃபீ, சோன்னு பாடுங்க."

வந்தது! இரண்டு முறை வந்தது. மூன்றாம் முறை வேறு கஷ்டம். ஃபீ பாடினால் எனக்கு சோவே டோவாகிவிடுகிறது. அங்கேயே குடிபோய்விடுகிறேன். அதற்குப் பிறகு பாடுவதெல்லாம் அந்தப் புது வீட்டுக் கணக்கில் போகிறது. கீபோர்டில் பழைய டோவை அழுத்தினால் அது யாரோ அந்நியன் மாதிரி கேட்கிறது.

"பழைய டோவ மனசுல விடாம புடிச்சிக்கிடணும். ஃபீ எவ்வளவு இழுத்தாலும் போவக்கூடாது."

சொல்வது சுலபம். வீட்டில் கீபோர்டுக்கு எங்கே போக? ஏதாவது ஒரே சுருதியில் சத்தம் போடுகிற பொருள் இருந்தால் அதை டோவாக வைத்துக்கொண்டு பழகலாம் என்றான்.

மார்ச் 3, செவ்வாய்

வீட்டில் ஒரே சுருதியில் சத்தம் போடுகிற பொருள்களைச் சோதித்தேன். ஃப்ரிட்ஜ் முனகும், திடீரென்று நிறுத்திவிடும். மிக்ஸி கத்துகிறது. இவர் குறட்டை ஏறி இறங்கும், உதவாது. தண்ணி மோட்டார்தான் சரி. பின்வாசலில் நின்று கேட்டால் 'மூ' என்று ஒரே கோடு. அதன்மேல் டோ வைத்து சோவுக்கு ஏறி, ஃபீக்கு இறங்கி, திரும்ப சோ. எட்டில் ஐந்து முறை சரியாக வந்தது என்று நினைக்கிறேன்.

தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எக்கா, மோட்டார் ஓடுது, நீங்களும் பக்கத்துலயே நிக்கிய, தண்ணி தெருவுல போவுது" என்றாள். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 7, சனி

வீட்டில் கமிட்டிக்காரர்கள் கூட்டம். கோயில் காம்பவுண்டுக்கு என்ன கலர் அடிப்பது என்று மூன்று மணி நேரம். கடைசியில் எங்கள் கடையில் எந்த கலர் அதிகம் தேங்கிக் கிடக்கிறதோ அதில் போய் நின்றது.

பேச்சு எப்படியோ துரைப்பழம் அண்ணாச்சி பக்கம் திரும்பியது. "இப்ப அந்தச் சின்னக் கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காருதாராம்லா" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அண்ணாச்சியும் இவரும் ஒரே ஸ்கூட்டரில் ஊர் சுற்றின நாட்கள் எனக்குத் தெரியும். டீயில் சீனி போட மறந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, குடித்துவிட்டார்கள்.

போகும்போது ஒருவர், "மதினி, அன்னைக்கு ஜெயிச்சதுக்கு ஒரு கேசரி கிண்டுனீயளே, அடுத்த கூட்டத்துக்கு அத போட்டுருங்க" என்றார். ரவை இல்லை என்றேன். அடுப்படிக்குள் வந்து பார்த்தால் ரவை டப்பா நிறைய இருக்கிறது.

லீதியாள் என்னிடம் கடைசியாகப் பேசியது அந்தக் கேசரி பற்றித்தான். வெடி போட்ட அன்று சாயங்காலம் போன் பண்ணினாள். "எங்க வீட்டு வாசல்ல வெடி போடுதாங்க, ஒங்க வீட்டுல நீ கேசரி கிண்டுதியாமே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இவர் கிண்டச் சொன்னார், கிண்டினேன்.

மார்ச் 10, செவ்வாய்

மீன் வாங்கப் போனேன். பக்கத்திலேயே மீன் விற்கிறது. ஆனாலும் லீதியாள் தெரு வழியாகப் போனால் சாளை நன்றாகக் கிடைக்கும்.

மார்ச் 14, சனி

இன்றைக்குப் பன்னிரண்டு படியும் ஏறி இறங்கச் சொன்னான் ரூபன். டோவிலிருந்து அரை அரையாக மேல் டோ வரை, பிறகு அதே வழியில் கீழே. முடிந்ததும் கீபோர்டில் டோ அழுத்துவான், நாம் நிற்கிற இடமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஏறும்போது ஓரளவு சமாளித்தேன். இறங்கும்போது படி எது, சந்து எது என்று தெரியவில்லை. ஒருவழியாக வந்து நின்றேன். அவன் டோவை அழுத்தினான். அரைப்படி தள்ளி நின்றிருந்தேன்.

"ஒங்க வீட்டுலேர்ந்து கெளம்பி, திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்குள்ள போயிட்டீங்க ஆன்ட்டி" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது, வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து முகம் கழுவினேன்.

மார்ச் 16, திங்கள்

காது கெட்டுப்போய்விட்டது. சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. குக்கர் விசில் அரைப்படி சறுக்குகிறது. குப்பை வண்டிப் பாட்டு ஒரு சுரத்தில் விறைத்துக்கொண்டு நிற்கிறது. மினிபஸ் ஹாரன் சோ, ஆட்டோ ஹாரன் அதற்கு ஃபீ. ஆட்டோ அடித்துவிட்டுப் போனபின் மினிபஸ் எப்போது அடிக்கும் என்று ரோட்டோரத்தில் நிற்கிறேன்.

இவர் பேசுவதில்கூட எங்கே குரல் இறங்குகிறது என்றுதான் கேட்கிறது, என்ன சொல்கிறார் என்பது காதில் விழவில்லை. "ஏளா, நான் யார்ட்ட பேசிக்கிட்டு இருக்கேன்?" என்று கத்தினார். நல்ல சுத்தமான லாவில் கத்தினார்.

ஓசூரிலிருந்து மகன் போன் பண்ணினான். "என்னம்மா, ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டான். ஒன்றுமில்லை, வெயில் என்றேன்.

மார்ச் 19, வியாழன்

கறிவேப்பிலை.

லீதியாள் வீட்டுப் பின்சுவர் சந்தை ஒட்டி இருக்கிறது. அந்தச் சந்து வழியாகக் காய்கறிக் கடைக்கு யாரும் போகமாட்டார்கள், சுற்று. அவள் வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மாடியில் துணி காயப்போட்டபடி பாடினாள். எங்கள் பெரிய வெள்ளிப் பாட்டு! அவள் போகிற கோயிலில் அந்தப் பாட்டே கிடையாது. யாருக்காகப் பாடுகிறாள்?

ஆல்டோ வரியைத்தான் பாடினாள். 'கைவிடாதிரும்' வந்தது. சோவிலிருந்து இறங்கி நேரே ஃபாவில் போய் நின்றாள், கொஞ்சமும் சந்தேகமில்லாமல், ஜன்னல் அதிர. தப்பு என்று என் காது அந்த நொடியே சொல்லிவிட்டது. யாரும் கறுப்புக் கட்டை அழுத்தாமல், நானாகக் கேட்டுக் கண்டுபிடித்த முதல் தப்பு அதுதான். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். அழுகை வந்தது.

சுவருக்கு மேல் தலையை நீட்டி, "ஏட்டி, அது ஃபீ!" என்று கத்த வேண்டும் போல வாய் நமநமத்தது. வாளி வைக்கிற சத்தம் கேட்டதும் விறுவிறு என்று நடந்துவிட்டேன். கறிவேப்பிலை வாங்கவில்லை. ரசத்தில் கறிவேப்பிலை எங்கே என்று இவர் கேட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

நான் மோட்டார் பக்கத்தில் நின்று பாடுவது இவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வேறு வேலை இல்லை. சாப்பிடும்போது முழுக்கதையையும் கேட்டார். சொன்னேன்.

"இதுக்கா இவ்வளவு? பாட்ட பழையபடி பாடணும்னு கமிட்டியில ஒரு வார்த்த சொன்னா போதும், அந்தப் பையன் வாய மூடிக்கிடுவான். சபைக்கும் பழசுதான் புடிக்கும். ஒன்னய கீழ உக்கார வச்சிருவானா, அருமைநாயகம் பொண்டாட்டிய?"

மத்தியானம் முழுக்க யோசித்தேன். இவர் சொல்வதும் சரிதானே? யாருக்குத் தெரியப்போகிறது? ஃபாவையே பாடிவிட்டுப் போகலாம். எங்கள் ஃபா. நானும் லீதியாளும் பாடின ஃபா. இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மார்ச் 23, திங்கள்

காபி கொடுக்கும்போது சொன்னேன். "ஏங்க, கமிட்டியில ஒண்ணும் பேச வேண்டாம்."

"ஏன்?"

"நான் கத்துக்கிடுதேன்."

"ஒனக்காகத்தான சொல்லுதேன்."

"எனக்காக நீங்க ஜெயிச்சது போதும்."

எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். நான் போய் மோட்டாரைப் போட்டேன். டோ எடுத்தேன், குரல் நடுங்கவில்லை.

மார்ச் 28, சனி

வந்துவிட்டது! சோ, ஃபீ, சோ. ரூபன் கீபோர்டை எடுத்துவிட்டு வெறும் குரலில் பாடச் சொன்னான், அப்போதும் நின்றது. பன்னிரண்டு படியும் ஏறி இறங்கி என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றேன். சோப்ரானோக்காரி கைக்குட்டையை எடுக்கவில்லை.

ரூபன் சந்தோஷப்பட்டான். ஆனாலும், "வெள்ளிக்கிழம ஆர்கன் இருக்கும், சபை சேந்து பாடும். காதுல வேற வேற சத்தம் விழும். இறங்கிராதீங்க ஆன்ட்டி. எல்லாரும் அந்தச் சுரத்துலதான் ஒங்கள கேப்பாங்க" என்று பயமுறுத்தியே அனுப்பினான்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். ஒரு சரி போதுமா?

ஏப்ரல் 2, வியாழன்

வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போட்டேன். இரண்டு தடவை. தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும். வேறு ஒன்றும் ஓடவில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணி ஆராதனைக்குப் பதினொன்றரைக்கே போய்விட்டேன். மின்விசிறிகள் எல்லாம் சுற்றியும் வேர்த்துக் கொட்டியது. கோயில் முழுக்க வெள்ளை. முதல் வார்த்தை பேசியவர் முடிக்கும்போதே பிள்ளைகள் தூங்க ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாம் வார்த்தையின்போது கூட்டத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கம், தூண் ஓரம், ஐந்தாவது பெஞ்சில் லீதியாள்.

தனியாக வந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள், உடனே பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டாள். மூன்றாம் வார்த்தையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

நாலாம் வார்த்தை முடிந்தது. எழுந்தோம். ரூபன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். பல்லவியை முதல்முறை கொயர் மட்டும் பாடும். 'கைவிடாதிரும்' வந்தது. சோவிலிருந்து இறங்கினேன், அரைப்படி, அங்கேயே நின்றேன். கீழே டோ எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சுரம் ஆடாமல் நின்றது. முன் பெஞ்சில் ஒரு பெரியவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். ரூபன் முகத்தில் சிரிப்பு. அந்த நிமிஷமே உட்காரச் சொல்லியிருந்தாலும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாம் முறை சபையும் சேர்ந்தது. அத்தனை குரலிலும் எனக்கு ஒரு குரல் தனியாகக் கேட்டது. தூண் ஓரத்திலிருந்து ஆல்டோ வரி வருகிறது. வருகிறது, வருகிறது, 'டா'வில் ஃபாவுக்கு இறங்கியது, ஜன்னல் அதிர. நான் ஃபீயில் நிற்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று உரசுகிறது. பல் கூசுகிற மாதிரி ஒரு உரசல். சோப்ரானோக்காரிகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான்தான் தப்பு என்று நினைத்திருப்பார்கள்.

எழுதினால் யாருக்குப் புரியும்? என் உடம்பு முழுக்க ஃபாவுக்குப் போகச் சொன்னது. இத்தனை வருஷம் அவள் குரலுக்குப் பக்கத்திலேயே நின்ற உடம்பு. அரைப்படி இறங்கினால் போதும், அவளோடு சேர்ந்துவிடலாம். வெடிக்கும் கேசரிக்கும் நான் சொல்லாமல் விட்டதை அந்த ஒரு சுரத்தில் சொல்லிவிடலாம். ரூபன் கீழே உட்கார வைத்தால் வைக்கட்டும், லீதியாள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். இப்படியெல்லாம் அந்த ஒரு நீட்டலுக்குள் தோன்றியது.

இறங்கவில்லை. ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நானும் பாடிக்கொண்டே அவள் குரலைத் தள்ளி நின்று கேட்டது இதுதான் முதல்முறை. எவ்வளவு நல்ல குரல்! பக்கத்தில் நின்றவரை அது எனக்குக் கேட்டதே இல்லை. இறங்கியிருந்தால் இன்றும் கேட்டிருக்காது.

மூன்றாம் முறை 'டா' வந்தபோது தூண் பக்கம் சத்தமே இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, கோபம், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கடைசிப் பல்லவி. மெதுவாக, கொஞ்சம் தாமதமாக, கீழேயிருந்து தடவித் தடவி ஒரு குரல் ஏறி வந்தது. ஃபாவைத் தாண்டியது. என் சுரத்துக்குப் பக்கத்தில் வந்து, ஒரு நொடி தடுமாறி, சேர்ந்துகொண்டது.

ஆராதனை முடிந்து வெளியே மோர் கொடுத்தார்கள். நான் டம்ளரோடு வேப்பமரத்தடியில் நின்றேன். லீதியாள் நேரே வந்தாள். எட்டு மாதம் கழித்துப் பேசின முதல் பேச்சு இதுதான்:

"ஏட்டி எப்சி, அந்த எடத்துல என்னத்த பாடுத?"

"அதான் சரியான சுரம். ஃபீ."

"அப்ப இவ்வளவு நாளும் பாடுனது?"

"தப்பு."

"தப்பா?" அவள் குரல் எகிறியது. "ஒனக்கு சோல்ஃபா தெரியும்னு நெனச்சுல்லா நான் ஒன் பின்னால வந்தேன்! சேந்த அன்னைக்கே காப்பிய கையில வச்சிக்கிட்டு நின்ன. படிச்சவ மாதிரி நின்னியே!"

"நான் ஒன்னய கேட்டுல்லா பாடுனேன்! நீதான சத்தமா பாடுன!"

"பயத்துல பாடுனேன்ட்டி. சத்தமா பாடுனா யாரும் கேக்க மாட்டாங்கன்னு."

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் சிரிப்பு வந்தது பாருங்கள். பெரிய வெள்ளிக்கிழமை, வெள்ளைச் சேலை, கோயில் வாசல். மோர் புரையேறிவிட்டது. லீதியாள் என் முதுகில் தட்டினாள். துக்கநாளில் இரண்டு கிழவிகள் இப்படிச் சிரிக்கிறார்களே என்று ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கமிட்டிக்காரர்கள் நடுவில் நின்ற இவரும் பார்த்தார்.

சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. "கேசரி நல்லா இருந்துச்சா?"

"நான் திங்கல."

"ஏன்?"

"எறங்கல. அதுக்கப்புறம் கிண்டவும் இல்ல." பிறகு, எட்டு மாதமாகத் தெரியாத பதில் தெரிந்தது. "கிண்டியிருக்கக் கூடாது லீதி. வெடிச் சத்தம் கேட்டப்பவே அடுப்ப அணச்சிட்டு ஒங்க வீட்டுக்கு ஓடி வந்திருக்கணும்."

அவள் சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இங்க எதுக்கு வந்தன்னு கேட்டிராத. அங்க ஏழாம் வார்த்த பேசுறவரு ரொம்ப இழுப்பாரு, அதான் வந்தேன்."

"சரி."

"அந்தச் சுரத்த சொல்லித் தா."

"வீட்டுக்கு வா."

"ஒங்க வீட்டுக்கு வரமாட்டேன். நீ வா. முன்வாசல் வழியா வா. பின்னால சந்துல நின்னு ஒட்டுக்கேக்காத."

பார்த்திருக்கிறாள்!

ஏப்ரல் 4, சனி

காலையில் இவர் கடை சாவியோடு வாசலில் நின்றார். நான் செருப்பு மாட்டினேன்.

"எங்க?"

"லீதி வீட்டுக்கு. பாட்டு."

என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார். "துரைப்பழம் இருந்தா..." என்று ஆரம்பித்து, "கேட்டேன்னு சொல்லு" என்று முடித்தார். குரல் அரைப்படி இறங்கியிருந்தது. இதற்கே இவ்வளவு நாள்.

அவள் வீட்டுப் பின்வாசலில் இரண்டு பேரும் நின்றோம். மோட்டாரைப் போடச் சொன்னேன், போட்டாள். நான் டோ எடுத்தேன், சேரவில்லை. திரும்ப எடுத்தேன், சேரவில்லை. அவள் வீட்டு மோட்டார் வேறு சுருதி. அங்கே என் டோ செல்லாது.

"என்னட்டி, தெரியும்னு சொன்ன?"

"சும்மா இரு, மொதல்ல இத கேளு" என்றேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு மோட்டாரைக் கேட்டுக்கொண்டு நின்றோம். தொட்டி நிரம்பி வழிந்தது.